பாதியில் மூடிய புத்தகம்

அன்புள்ள மகளுக்கு,

மிஹாயேல் எண்டேயின் 'முடிவற்ற கதை'யைப் பேரன் பாதியில் மூடிவைத்துவிட்டதாக எழுதி, பத்து வயதுக்கு அது கனமோ என்று கேட்டிருந்தாய். நீ இங்கே விட்டுப்போன ஆங்கில மொழிபெயர்ப்பை ஒரு வாரமாகப் படித்து முடித்தேன். அவன் மூடியதில் நியாயம் இருக்கிறது; ஆனாலும் மூடிய இடத்துக்கு அப்பால்தான் புத்தகத்தின் உயிர் இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதல் 12 அத்தியாயங்களில் குறை சொல்ல அதிகமில்லை. தாயை இழந்த பாஸ்டியன், திருடிய புத்தகத்தோடு பள்ளிக்கூடப் பரணில் ஒளிந்துகொண்டு, வெறுமை விழுங்கிவரும் ஓர் உலகத்தைப் பற்றிப் படிக்கிறான். சோகச் சதுப்பில், அந்த உலகத்தைக் காக்கப் புறப்பட்ட சிறுவன் அத்ரேயுவின் குதிரையைக் கொல்வது சேறு அன்று, மனம் விட்டுப்போவதே; தன்னை விட்டுவிட்டுப் போகும்படி அதுவே எசமானனிடம் சொல்கிறது. 1979இல் ஜெர்மனியில் வந்த மூலப் பதிப்பில் நம் உலகம் சிவப்பிலும் அந்த உலகம் பச்சையிலும் அச்சாகியிருந்தது. இரண்டு மைக்கும் தனித்தனித் தகடு போட்டு, வரி விலகாமல் அடிப்பது எவ்வளவு பாடு என்பது அச்சகத்தில் காலம் கழித்த எனக்குத் தெரியும். உன் பிரதியோ ஒரே கறுப்பு. சாய்வெழுத்தைப் பார்த்துத்தான் பையன் எந்த உலகத்தில் நிற்கிறோம் என்று கண்டுகொள்ள வேண்டும்.

பாஸ்டியன் கதைக்குள் நுழைந்தபின் கட்டு தளர்கிறது. வெள்ளி நகரம், பாலைவனச் சிங்கம், சூனியக்காரி என்று சம்பவங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றிரண்டை உருவிவிட்டாலும் ஒன்றும் குறையாது. அந்தச் சூனியக்காரியிடம் கெட்டவள் என்பதற்கு மேல் எதுவுமில்லை. ஏ முதல் இஸட் வரை ஒவ்வோர் எழுத்திலும் ஓர் அத்தியாயம் தொடங்கும்; அந்த 26 கணக்கை நிரப்பத்தான் சில அத்தியாயங்கள் வந்தனவோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

ஆனால் அதே பாதியில்தான், அழகும் பலமும் புகழும் கேட்டுப் பெறும் பாஸ்டியனிடமிருந்து ஒவ்வொரு விருப்பமும் பழைய நினைவு ஒன்றைப் பறித்துக்கொள்கிறது. தான் குண்டுப் பையனாக இருந்ததை அவன் மறக்கும்போது நமக்கும் அது இழப்பாகத் தெரிவதில்லை என்பது எண்டேயின் சாமர்த்தியம். பெற்றவர்களையும் மறந்துபோன நிலையில், 25ஆம் அத்தியாயத்தில், இருட்டுச் சுரங்கத்தில் மெல்லிய படத் தகடுகளைத் தடவித் தடவி எடுக்கிறான். கடைசியில் கிடைக்கும் தகட்டில், வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், கையில் பல்வரிசையின் சாந்து அச்சோடு, பனிக்கட்டிக்குள் உறைந்து நிற்கிறார். பல் கட்டும் தொழில் செய்யும் தன் அப்பா அவர் என்று அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அங்கே புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். உன் அம்மா இறந்த வருடம் நானும் அப்படித்தான் இருந்தேனோ என்னவோ, நீ சொன்னதில்லை.

ஆகையால் பேரனை வரிசையாகப் படிக்கச் சொல்லி வற்புறுத்தாதே. நடுவில் சலிப்பதைத் தாண்டிப் போகட்டும். கடைசி மூன்று அத்தியாயங்களை மட்டும் நீ பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டு. இரண்டு வண்ணப் பதிப்பு எங்காவது கண்ணில் பட்டால் வாங்கிவிடு, பணம் நான் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா