அம்மா சொன்ன வட்டம்

தூத்துக்குடி
மார்கழி 5

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் நலம்தானே? ஓசூர்க் குளிருக்கு உன் முழங்கால் என்ன சொல்கிறது?

ஐப்பசியிலிருந்து நீ நான்கு தடவை கூப்பிட்டும் நான் திருப்பிப் பேசவில்லை. "ஆண்டெனா ஊர்ல இருக்கானா இல்லையா" என்று என் பட்டப்பெயரைச் சொல்லி மூக்கனிடம் கேட்டாயாமே, சொன்னான். பேசாமல் இருந்தது தப்புதான், மனசில் வைத்துக்கொள்ளாதே. பெரியம்மாவைப் பற்றிப் போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "அம்மாவுக்கு டிவி மங்கலாத் தெரியுதாம், கலரெல்லாம் மஞ்சளடிச்ச மாதிரி இருக்காம். பொங்கலுக்குப் புதுசு எடுக்கணும், எது நல்லது?" என்று கேட்டிருந்தாய். பதில் இரண்டு வரிதான். ஆனால் இந்த இரண்டு மாதத்தில் இங்கே நடந்ததைச் சொல்லாமல் அந்த இரண்டு வரியைச் சொன்னால் உனக்கு உறைக்காது. அதனால்தான் கடிதம்.

புரட்டாசியில் என் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தோம், திருநெல்வேலியில். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிட்டோம். மறுநாள் கண் கட்டை அவிழ்த்ததும் என்னைப் பார்த்து, "உனக்கு இவ்வளவு நரைச்சிட்டாய்யா?" என்றாள். இத்தனை வருஷம் என் தலையைக்கூட அவள் சரியாகப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கண் தெளிந்தவளுக்கு ஒரு நல்ல டிவி வாங்கித் தர வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்திருந்தார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் 43 இஞ்சில் ஒன்று எடுத்தேன், 27,000 ரூபாய்.

கடையிலிருந்து குட்டியானையில் அனுப்பினார்கள். டிவிப் பெட்டியைப் படுக்கப் போட்டு, அதன் மேல் இரண்டு மிக்சிப் பெட்டியும் ஒரு ஃபேனும் ஏற்றியிருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் மேல் நோக்கி அம்புக்குறி பெரிதாக அச்சடித்திருந்தது. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை, போட்டதும் படம் பளிச்சென்று வந்தது, அதோடு விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் டிவியில் பாலாபிஷேகம் ஓடிக்கொண்டிருந்தது. "ஏய்யா, வலது பக்கம் கீழ ஒரு வட்டம் தெரியுதே, நிலா மாதிரி" என்றாள் அம்மா. நான் சட்டை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அதற்குள் காட்சி மாறிவிட்டது. "ஆப்பரேஷன் பண்ணுன கண்ணும்மா. வெளிச்சத்துல கொஞ்ச நாள் வட்டம் தெரியலாம்னு டாக்டரே சொன்னாருல்ல, போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மைதான். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒருநாள் மத்தியானம் சொல்லாமல் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன். அம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து, பால் சொம்பின் எவர்சில்வர் மூடியை வலது கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியை இடது கண்ணுக்கு மாற்றினாள். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். நான் வந்தது தெரியாது. செல்வம், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

என்னம்மா என்று கேட்டதும் மூடியைச் சேலைக்குள் மறைக்கப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு கண்ணுலயும் தெரியுதுய்யா. கண்ணுல இருந்தா, ஆப்பரேஷன் பண்ணாத கண்ணுல ஏன் தெரியணும்? தலையைச் சாச்சாலும் அதே எடத்துலதான் நிக்குது. சுவத்தப் பாத்தா இல்ல, காலண்டரப் பாத்தா இல்ல." ஆப்பரேஷன் கெட்டுப்போயிற்று, மறுபடியும் பையனுக்குச் செலவு என்று பயந்து இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளை எழுப்பிவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை நிமிஷம்தான். செய்தி வாசிக்கிற பெண்ணின் வெள்ளைப் பின்னணியில், வலது ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, அதிரச அளவுக்கு ஒரு வெளிச்ச வட்டம்! நான் ராத்திரி வந்து இடது பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டு பாதிக் கண்ணில் ஏதாவது இருட்டுப் படம் பார்ப்பவன், கவனிக்கவே இல்லை. பகல் முழுக்க வெள்ளையும் வெளிச்சமுமாகப் பார்ப்பவள் அவள்தான்.

உன் தொழிற்சாலையில் பழுது பார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம் என்று சொல்வாயே, அன்றைக்குச் சாயங்காலம் அதையே செய்தேன். முதலில் செட்டாப் பாக்ஸ் கேபிளைக் கழற்றினேன். கேபிள் கெட்டிருந்தால் படம் முழுக்கப் பொறிப்பொறியாக மின்னும், திடீரென்று இரண்டு விநாடி கறுத்துத் திரும்ப வரும். டிஷ் சிக்னல் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், அப்படியே உறைந்து நிற்கும். நம் வட்டம் இரண்டிலும் சேர்த்தி இல்லை. கேபிளே இல்லாமல் டிவியின் சொந்த மெனுவைத் திறந்தேன், எழுத்துகளுக்குப் பின்னாலும் வட்டம் அப்படியே நின்றது. அப்புறம் போனில் வெறும் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று ஐந்து படம் செய்து பென் டிரைவில் போட்டு ஓட்டினேன். கறுப்பில் வட்டம் மறைந்துவிட்டது. மற்ற நான்கிலும் அதே இடம், அதே அளவு. கோளாறு டிவிக்குள்ளேதான் என்று உறுதியானது. அம்மா சொம்பு மூடியை வைத்து முடிவுசெய்ததைத்தான் நான் மூன்று மணி நேரம் செலவழித்துச் சரிபார்த்தேன்.

இதை நீ போனில் படம் பிடிக்க நேர்ந்தால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். வெறுமனே எடுத்தால் எல்லாம் வெள்ளையாகக் கரைந்துவிடும். போன் திரையில் அந்த இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால்தான் வட்டம் பிரிந்து தெரியும்.

கம்பெனி ஆள் வந்தான், சின்னப் பையன். "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டா சரியாயிடும் சார்" என்று போட்டுவிட்டுப் போனான். ஒரு வாரம் பார்த்தோம், வட்டம் அசையவில்லை. அடுத்து வந்தவர் பெரியவர், டார்ச் அடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். "பேனல்ல அடி பட்டிருக்கு, வாரண்டியில வராது, புதுசு போட 18,000 ஆகும்" என்றார். பேனல் என்றால் படம் காட்டும் கண்ணாடி. அடி எங்கே என்று கேட்டேன். கீறல் இல்லை, விரிசல் இல்லை, கோடு இல்லை. காட்ட முடியவில்லை, எழுதிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நேரே டிவி பழுது பார்க்கும் சாலிடேர் அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஆமாம், இன்னும் கடை வைத்திருக்கிறார், உன்னை விசாரித்தார். கொடைக்கானலில் டிவி டவர் வருவதற்கு முன்னால் இலங்கை ரூபவாகினி பிடிக்க நமக்கு ஆண்டெனா கட்டிக் கொடுத்த அதே கை. நான் மொட்டைமாடியில், நீ கீழே ஜன்னலில், "வந்துட்டு... வந்துட்டு... போச்சுல!" அப்போதுகூட முதலில் பக்கத்து வீட்டில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தானே நம் ஆண்டெனாவைத் திருப்புவோம்?

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். "இது பேனல் இல்லய்யா, லென்சு" என்றார் உடனே. தரையில் பழைய போர்வை மேல் வேறொரு டிவியைப் பிரித்து வைத்திருந்தார். படம் காட்டும் கண்ணாடிக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் நீளப் பட்டைகளில் வரிசையாகக் குட்டிக் குட்டி எல்இடி. ஒவ்வொன்றின் மேலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் லென்ஸ், நடுவில் குழி விழுந்து, பசை வைத்து ஒட்டியிருக்கிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பரப்புவது அதன் வேலை. அண்ணாச்சி ஒரு கழிவுப் பட்டையில் இருந்து ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்தார், பட்டைக்கு மின்சாரம் கொடுத்தார், இரண்டு விரல் உயரத்தில் வெள்ளைத் தாளைப் பிடித்தார். தாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். லென்ஸ் எடுத்த இடத்துக்கு நேராக மட்டும் ஒரு வட்டம், அம்மா சொன்ன அதே நிலா! லென்சைத் திரும்ப வைத்தார், வட்டம் கரைந்துபோயிற்று. உடம்பு சிலிர்த்துவிட்டது எனக்கு. "பசை சரியா பிடிக்காம இருந்திருக்கும். படுக்கப் போட்டு மேல பாரத்த ஏத்தி, ரோட்டுல குலுக்கிக் கொண்டாந்தா கழண்டு விழாம என்ன செய்யும்?" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு வச்ச லென்சு நல்லாத்தான் இருக்கு, அதுக்கு வச்சதுதான் கழண்டுட்டு" என்றாள். இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் மனசுவிட்டுச் சிரித்தாள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். ஐந்து வண்ணப் படங்கள், பில், இறக்கும்போது எதிர்வீட்டுத் தம்பி விளையாட்டாக எடுத்திருந்த வீடியோ (குட்டியானையில் பெட்டி படுத்திருப்பது அதில் தெளிவாகத் தெரிகிறது), எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுத்தேன். 1915க்கும் பேசினேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகார் எண் கிடைத்த பிறகு கம்பெனியின் குரலே மாறிவிட்டது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருப்பேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அந்த அளவுக்குப் போகவில்லை. கார்த்திகைக் கடைசியில் வேறு டிவி வந்தது. இந்தத் தடவை பெட்டியை நிறுத்தி வைத்து, இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதே இடத்திலேயே பிரித்து, வெள்ளைப் படம் போட்டு, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கச் சொன்ன பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

சரி, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எந்த டிவி என்று நீ கேட்டாய். எந்த டிவியும் இப்போது வாங்காதே. மங்கல், மஞ்சள் என்று பெரியம்மா சொல்கிறார்களே, ஆப்பரேஷனுக்கு முன்னால் என் அம்மாவும் எழுத்து மாறாமல் அதையேதான் சொன்னாள். நீ அவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து டிவியைப் பார். உனக்கு நன்றாகத் தெரிந்தால், டிவியை அணைத்துவிட்டு அவர்கள் ஒவ்வொரு கண்ணாக மூடிக் காலண்டர் தாளைப் பார்க்கட்டும். அதுவும் மஞ்சளாக இருக்கிறதா, எந்தக் கண்ணில் அதிகம் என்று கேள். எது எப்படி இருந்தாலும் இந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. செலவு ஆகுமே என்று மறுப்பார்கள், கேட்காதே. நான் என் அம்மாவின் கண்ணைக் குற்றம் சொன்னேன், கோளாறு டிவியில் இருந்தது. நீ டிவியைக் குற்றம் சொல்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது, செல்வம்.

டாக்டர் என்ன சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். அம்மாவும் பெரியம்மாவிடம் பேச வேண்டுமாம்.

அன்புடன்,
உன் ஆண்டெனா