புள்ளடி கண்ணுக்குத் தெரிய வேண்டும்

தேர்தல்கள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையக் கடமைக்குப் போயிருக்கிறேன். இலத்திரனியல் வாக்களிப்பு பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப எழுவதால் இந்த மடலை எழுதுகிறேன்.

வாக்களிப்புத் தொடங்குமுன் வெறும் பெட்டியைத் திறந்து கட்சிகளின் முகவர்களுக்குக் காட்டுவோம். ஒருமுறை தீவகத்துப் பாடசாலை ஒன்றில், வயதான முகவர் ஒருவர் பெட்டிக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். "சரி பிள்ளை, இனி மூடுங்கோ" என்றார். அதற்குப் பிறகுதான் சீல் வைத்தோம். இயந்திரம் வந்தால் அந்த ஐயா எதைத் தடவிப் பார்ப்பார்?

கடதாசியிலும் களவு நடக்கும், எங்களுக்குத் தெரியாததல்ல. 1981 ஜூனில் நடந்த மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் இங்கே வாக்குப்பெட்டிகளே காணாமல் போயின. ஆனால் பெட்டி காணாமல் போனால் ஊருக்குத் தெரியும். மென்பொருளுக்குள் எண் மாறினால் யாருக்குத் தெரியும்? ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் இதைத்தான் சொன்னது: தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் வாக்கெண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும். அங்கே பயன்படுத்திய இயந்திரங்களில் அதற்கு வழியில்லை என்று அவற்றை ஏற்க மறுத்தது.

இந்தியாவில் இயந்திரத்தோடு ஒரு சீட்டு அச்சாகிறது. வாக்களித்தவர் அதை 7 விநாடி கண்ணாடிக்குள் பார்க்கலாம், பிறகு அது பெட்டிக்குள் விழும். சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். ஆனால் அந்த இயந்திரத்தை அப்படியே இறக்க முடியாது. அங்கே ஒரு பொத்தான், ஒரு வாக்கு. எங்கள் பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி (X) போட்டபின், அந்தக் கட்சி வேட்பாளர்களின் இலக்கங்களில் மூன்று விருப்பு வாக்குகள் வரை இடலாம். விருப்பு வாக்கு முடிவு பிந்தும் இரவில் என்னென்ன கதைகள் பரவும் என்பதை நீங்களே அறிவீர்கள். அதனால் சீட்டில் கட்சியும் மூன்று இலக்கங்களும் தெளிவாக அச்சாக வேண்டும்.

இயந்திரம் வருவதானால், எந்த நிலையங்களின் சீட்டுகளைக் கையால் எண்ணுவது என்பதை, வாக்களிப்பு முடிந்த பிறகு, முகவர்கள் முன்னிலையில் குலுக்கல் போட்டுத் தெரிவு செய்யுங்கள். முடிவை அறிவிக்குமுன் எண்ணி முடியுங்கள். எண்ணிக்கை பிசகினால் சீட்டே செல்லும் என்று சட்டத்தில் எழுதுங்கள். இவை சட்டமாகும் வரை எங்களுக்குக் கடதாசியும் பேனையும் போதும்.

இப்படிக்கு,
தேர்தல் கடமை செய்த ஓர் ஆசிரியை,
யாழ்ப்பாணம்