ஆயில் மாற்றியதால் கியர் பாக்ஸ் போகவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கடந்த இரண்டு வாரமாகக் கைபேசிகளில் சுற்றிவரும் குரல் பதிவை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நான்கு பேர் எனக்கே அனுப்பி, "இது உங்கள் பட்டறைதானே?" என்று கேட்டார்கள். ஆம், எங்கள் பட்டறைதான். "நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, அங்கே கியர் ஆயில் மாற்றிய ஐந்தாம் நாள் நகர மறுத்துவிட்டது" என்கிறது அந்தப் பதிவு. வண்டி நின்றது உண்மை. நன்றாக ஓடியது என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நன்றாக ஓடும் வண்டியை யாரும் எங்களிடம் தள்ளிக்கொண்டு வருவதில்லை. அந்த ஆட்டோமேட்டிக் கார் வந்த காலையில், லிவரை 'டி'யில் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிய பிறகுதான் இழுத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைந்ததே தவிர, வண்டி வேகம் எடுக்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன். புதிதாக ஊற்றும்போது சிவப்பாக இருந்த ஆயில் தார் போலக் கறுத்திருந்தது. தீய்ந்த வாடை வேறு. கியர் பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்பைக் கழற்றினோம். இரும்புத் துகளைப் பிடித்துவைக்க அதன் அடியில் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை மெல்லியதாகப் படிந்திருந்தால் பயமில்லை, வழக்கமான தேய்மானம்தான். இந்தக் காந்தத்திலோ ஊசி ஊசியாகச் சிராய்கள் நின்றிருந்தன. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டி, "கிளட்ச் பிளேட்டுகள் கருகிவிட்டன, ஆயில் மாற்றிச் சரியாகும் நிலையில் இல்லை" என்றேன். "முதலில் ஆயிலை மாற்றுங்கள், பார்க்கலாம்" என்றார். மாற்றினோம். பார்த்தோம்.

நாங்கள் தவறான ஆயிலை ஊற்றிவிட்டோம் என்று சிலர் சொல்வதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பல்சக்கரங்களுக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர் பாக்ஸுக்கு ஒரு வகை, சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு வேறு வகை என்பதைப் பட்டறையில் சேர்ந்த முதல் வாரமே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். அந்த வண்டியின் கையேட்டில் போட்டிருந்த ஆயிலைத்தான் ஊற்றினோம். காலி டப்பாக்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன, வந்து பார்க்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பைத் திறந்து வடித்தால் வெளியே வருவது மொத்த ஆயிலில் பாதிகூட இருக்காது. மீதி, இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரின் குழாய்களிலும் தங்கிவிடும். ஆக, அந்தக் கியர் பாக்ஸில் ஓடியதில் பெரும்பங்கு அவருடைய பழைய ஆயில்தான்.

என்ன நடந்தது என்றால், கியர் பாக்ஸுக்குள் ஒரு ஆயில் பம்ப் இருக்கிறது. டார்க் கன்வர்ட்டரின் கழுத்து அதைச் சுழற்றுகிறது. இன்ஜின் ஓடினால்தான் அது ஓடும். சம்பிலிருந்து ஃபில்டர் வழியாக ஆயிலை உறிஞ்சி அழுத்தம் கொடுப்பது அதன் வேலை. அந்த அழுத்தம்தான் கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கிறது; அப்படி இறுகினால்தான் இன்ஜினின் இழுவை சக்கரத்துக்குப் போகும். பம்ப் தேய்ந்தாலோ, ஃபில்டர் அடைத்தாலோ, ஃபில்டர் கழுத்தில் உள்ள ரப்பர் வளையம் கல்லாகிக் காற்றை உள்ளே விட்டாலோ, அழுத்தம் குறையும், பிளேட்டுகள் வழுக்கும், வழுக்கினால் சூடு, சூட்டில் ஆயில் கருகும். அந்தக் கறுப்பு ஆயில், உள்ளே பிளேட் எரிந்ததற்கு அடையாளம். தேய்ந்துபோன பிளேட்டில் புது ஆயில் புதுத் தோலை வளர்க்காது.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இதையெல்லாம் வாயால் சொன்னேன், வேலைச் சீட்டில் எழுதவில்லை. எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இனி ஒவ்வொரு கியர் ஆயில் வேலைக்கும் பழைய ஆயிலில் ஒரு சிறு பாட்டிலும், காந்தத்தின் புகைப்படமும் உங்கள் கையில் வரும்.

எங்கள் மூத்த மெக்கானிக் வேலையை விட்டுவிட்டார் என்பதும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். சண்டை எதுவும் இல்லை. சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறார், நன்றாக இருக்கட்டும். கியர் பாக்ஸை மாட்டுவதற்கு முன் கன்வர்ட்டரைக் கையால் திருப்பித் திருப்பி உள்ளே அமுக்குவார். அது படிப்படியாக இறங்கிப் பம்பின் பல்லில் உட்காரும் கடைசி 'டக்' கேட்கும் வரை போல்ட்டைத் தொட விடமாட்டார். உட்காராமல் இறுக்கினால் பம்ப் நொறுங்கிவிடும். அவர் போன பிறகு ஒரு வண்டியில் அப்படி ஆனது, எங்கள் செலவிலேயே மாற்றிக்கொடுத்துவிட்டோம். இப்போது கன்வர்ட்டருக்கும் கியர் பாக்ஸ் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை நானே அளந்த பிறகுதான் வண்டியில் ஏற்றுகிறோம்.

இந்தச் சமயத்திலும் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "எப்போது முடியுமோ முடியுங்கள்" என்று போன உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! போன வாரம் ஒருவர் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்த உடனே இன்ஜினை அணைத்து, சாலையோரத்திலிருந்தே கூப்பிட்டார். அந்த விளக்கு சொல்வது இன்ஜின் ஆயிலுக்கு அழுத்தம் இல்லை என்பதை. "பட்டறை வரை ஓட்டிவிடலாம்" என்று நினைத்திருந்தால் இன்ஜினின் பேரிங்குகள் போயிருக்கும். சென்சாரைக் கழற்றி மீட்டரை மாட்டி அளந்தோம், அழுத்தம் உண்மையிலேயே இல்லை. இன்ஜின் சம்பைக் கழற்றினால், பம்ப் உறிஞ்சும் சல்லடையைச் சேறு போன்ற கசடு மூடியிருந்தது. சுத்தம் செய்தோம், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம், அழுத்தம் வந்துவிட்டது. பம்ப் விற்றிருக்கலாம், விற்கவில்லை. எங்களை ஏமாற்றுக்காரர்கள் என்பவர்கள் அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, ஆட்டோமேட்டிக் வண்டி நின்றுவிட்டால் இன்ஜின் சுழற்றும் சக்கரங்களைத் தரையில் உருளவிட்டுக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பம்பும் ஓடாது, உள்ளே ஆயில் போய்ச் சேராமல் பாகங்கள் உராயும். தட்டு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

அடுத்த மாதம் முதல் கியர் பாக்ஸ் வேலைக்கான கூலி சற்று உயர்கிறது, உத்தரவாதம் ஓராண்டிலிருந்து ஆறு மாதமாகிறது. விவரம் வேலைச் சீட்டின் பின்புறம் இருக்கிறது.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்