நூறில் ஏழு போனால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் முதியோர் நலப் பக்கத்தில், படித்தவர்களை மறதி நோய் (டிமென்ஷியா) அண்டாது என்ற தொனியில் வந்த கட்டுரை பாதிதான் சரி. 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட, இந்நோய்க்கான சரிசெய்யக்கூடிய 14 காரணங்களில் சிறுவயதில் பள்ளிப் படிப்பு இல்லாததும் ஒன்று. அதன் பங்கு 5 சதவீதம். காது மந்தத்தின் பங்கு 7. படிப்பு நோயை வரவிடாமல் செய்வதில்லை. மூளையில் சேதம் தொடங்கிய பிறகும் சமாளிக்க அது கைகொடுக்கிறது, அறிகுறி தள்ளிப்போகிறது. வெளியே தெரிந்த பிறகு படித்தவரின் சரிவு வேகமாக இருப்பதும் உண்டு.

கட்டுரை தொடாமல் விட்டது, பரிசோதனைத் தாளையே. நினைவையும் யோசிக்கும் திறனையும் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் எம்.எம்.எஸ்.இ. தேர்வுக்கு 30 மதிப்பெண். 24-க்குக் கீழே போனால் சந்தேகம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க 5, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. ஆக, 8 மதிப்பெண் பள்ளிக்கூடத்துக்குப் போனவருக்கானது. பேனா பிடித்தே பழகாத உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா மற்றதெல்லாம் சரியாகச் சொன்னாலும் 22-தான். நோயே இல்லாமல் நோயாளி ஆகிவிடுவார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ நோய் தொடங்கிய பிறகும் 28 வாங்கிவிட்டு வீட்டுக்குப் போவார். இரண்டாவது ஆபத்துதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, யாரும் கவனிப்பதில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவரை அவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு வருஷத்துக்கு முன் செய்ததை இப்போது செய்கிறாரா? பூ விற்பவர் என்றால், முழம் 40 ரூபாய், மூன்று முழத்துக்கு 200 ரூபாய் நோட்டு நீட்டினால் மீதி 80 என்று உடனே வருகிறதா? யாருக்குக் கடன் நிற்கிறது, சீட்டு எத்தனையாவது தவணை? இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து நாரில் முடிச்சுப் போடுகிறாரே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பழகிய கைவேலை வெகுநாள் நிற்கும், கணக்குதான் முன்னே தடுமாறும். இதையெல்லாம் தினமும் கூட இருப்பவர் சொல்ல வேண்டும், தீபாவளிக்கு மட்டும் வந்துபோகும் மகன் அல்ல.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஹைதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வில், இரண்டு மொழி பேசுபவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகவே தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைந்த மதுரைக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

சந்தேகம் வந்தால் முதலில் காதையும் கண்ணையும் பாருங்கள். கேள்வியே காதில் விழாதவர் அங்கேயும் மதிப்பெண் இழப்பார். பிறகு வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை. டாக்டரிடம் போனதும், எத்தனையாவது வரை படித்தவர் என்பதைத் தாளின் மேலேயே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

— ஒரு மனநல உளவியலாளர்,
நரிமேடு, மதுரை