விபத்துச் செய்திகளில் ‘அஜாக்கிரதை’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாலை விபத்துச் செய்திகள் பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையின் நடையிலேயே வெளிவருகின்றன. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்று எழுதிவிட்டால் காரணம் சொல்லியாகிவிட்டது. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுதல்), 106 (அலட்சியத்தால் மரணம் விளைவித்தல்) ஆகிய பிரிவுகளின் கீழ் வழக்குப் பதிய அது போதும். நடந்தது என்னவென்று வாசகர் அறிய அது போதாது. அக்கறையின்றி ஓட்டுபவரும், அக்கறையோடு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கவனம் சிதறியவரும் அந்த வரியில் ஒன்றாகிவிடுகிறார்கள்.

வங்கி வாசலில் ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு, குனிந்தவரின் பையைத் தூக்கிச் செல்லும் செய்தியில் மட்டும் ‘கவனத்தைத் திசைதிருப்பி’ என்று தவறாமல் எழுதுகிறீர்கள். பறிகொடுத்தவரின் அஜாக்கிரதை அங்கே தலைப்பாவதில்லை.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கைப்பேசித் திரையை 2 நொடி பார்த்துவிட்டு நிமிர்வதற்குள் 33 மீட்டர் சாலை பார்வையில் படாமலே போய்விடுகிறது. காதில் மாட்டிக்கொண்டு பேசினால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பேச்சில் ஈடுபட்ட மனம் கண்ணெதிரே இருப்பதையும் கவனிக்கத் தவறும் என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் 4 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அபாயகரமான ஓட்டுதலாகவே கருதுகிறது. ஆயினும் ஓட்டுநரின் கவனம் கலையாதவாறு வழி பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம் என்று 2020 முதல் விதிகள் இடமளிக்கின்றன. உணவு கொண்டுசெல்லும் இளைஞரின் வண்டியில் வழிகாட்டும் அதே திரையில்தான் அடுத்த ஆர்டரும் மணியடித்து வருகிறது. அவர் பார்க்காவிட்டால் அன்றைய வருமானம் குறையும். பார்த்து மோதினால் அஜாக்கிரதை. திரையை அப்படி அமைத்தவர்களைப் பற்றிச் செய்தியில் ஒரு சொல்லும் இராது.

மத்திய அரசின் ஆண்டு விபத்து அறிக்கையில் கைப்பேசிப் பயன்பாடு தனிக் காரணமாகவே இடம்பெறுகிறது. ஆனால் அந்தப் புள்ளிவிவரம் காவல்துறைப் பதிவுகளிலிருந்து திரட்டப்படுவதால், நிலையத்தில் எழுதப்படாதது அதில் ஏறாது. எனவே விபத்து நேர்ந்தபோது கைப்பேசி பயன்பாட்டில் இருந்ததா, எதற்காக என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டு, கிடைக்கும் பதிலையும் செய்தியில் சேர்க்குமாறு தங்கள் நிருபர்களுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சிராப்பள்ளி