தம்பி, நீ கேட்டுத்தான் வாங்கினாய்

தம்பி,

இன்றோடு மூன்று வருஷம். எதிலிருந்து என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பலர் படிக்கிற இடம் இது. உன் பெயர், நீ இப்போது இருக்கும் இடம், அந்த இரவு, எதுவும் இங்கே வராது.

எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வருவது அந்த இரவு இல்லை, அதற்கு முந்தைய வருஷத்துப் பந்து வகுப்பு. அமெரிக்காவின் சிகாகோவில் பள்ளிப் பையன்களுக்கு நடத்தும் பயிற்சி அது, அதைத்தான் நம் வகுப்பிலும் செய்தோம். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும், ஒருவன் பந்தைக் கைக்குள் இறுக்கிக்கொள்ள, மற்றவன் 30 விநாடிக்குள் அதை எடுக்க வேண்டும். பெரும்பாலும் எல்லோரும் விரலைப் பிரிப்பார்கள், கையை முறுக்குவார்கள். முடிந்ததும், "கொடு என்று ஏன் யாருமே கேட்கவில்லை?" என்று நடத்துகிறவர் கேட்பார். பாடமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நீ கேட்டாய். எதிரே இருந்தவன் உன்னைவிட ஒரு தலை உயரம். "அண்ணா, குடுங்களேன், திருப்பித் தந்துடறேன்" என்றாய், அவன் சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டான். சுற்றி இருந்தவர்கள் "பயந்தாங்கொள்ளி" என்று கத்தினார்கள். நானோ, கையிலிருந்த தாளில் இருந்தபடியே, "ஏன் யாருமே கேட்கவில்லை?" என்றேன். நீ மடியில் பந்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய், காதெல்லாம் சிவந்து. அடுத்த வாரம் மறுபடி ஆடியபோது ஒருவனுடைய சுண்டுவிரலை வளைத்துப் பிடுங்கினாய். கைதட்டல் கிடைத்தது.

என்னை மன்னித்துவிடு. நாற்பது பையன்கள், முக்கால் மணி நேரம், உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களையும் வருஷத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி. தன்னை அறிவது, அடுத்தவன் வலியை உணர்வது, முடிவெடுப்பது என்று ஒவ்வொன்றாக முடித்து அடையாளம் போட்டுக்கொண்டு போனேன், உன் காது சிவந்ததற்கு அந்தத் தாளில் இடம் இல்லை. இது சமாதானம் சொல்வதுபோல இருக்கிறது, இல்லையா? சமாதானம்தான்.

ஆனால் உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. கூட்டாளிகள் வம்புக்குக் கூப்பிட்டால் எப்படி மறுப்பது என்று எத்தனை முறை நடித்துப் பார்த்தோம்! "வீட்ல தேடுவாங்க, நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு, நின்று பேசாமல் நகர்ந்துவிடுவது உனக்குத்தான் அவ்வளவு இயல்பாக வந்தது. அன்றைக்கு அந்த ஒரு வரி ஏன் வரவில்லை? அடிபட்ட பையனின் அம்மா பக்கத்தில் நான் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நீ சின்னப் பையன் என்று அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

இதைப் படிக்கிற சிலர், ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்தினால் பிள்ளைகள் திருந்துவார்கள் என்று சொல்லுவார்கள். 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு சிறைக்குள் கூட்டிப்போய் அதைத்தான் செய்தார்கள், பிறகு மற்ற ஊர்களும் செய்தன. அந்தத் திட்டங்களின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கூட்டிப்போன பிள்ளைகள்தான் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் மாட்டியிருந்தார்கள். பயம் உனக்குக் குறைவாகவா இருந்தது? தனியாக நடக்கப் பயந்துதானே அந்தக் கூட்டாளிகளோடு சேர்ந்து நடந்தாய்.

அடுத்த மாதம் வகுப்பை மறுபடி ஆரம்பிக்கிறேன். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்கப்போவதில்லை. பந்து விளையாட்டும் உண்டு, யாராவது கேட்டு வாங்கினால் அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அவனைப் பற்றித்தான் பேசுவோம்.

அப்புறம், இதை அச்செடுத்து உன்னிடம் கொடுப்பதாக உன் அம்மா சொன்னார். நான் வந்து பார்க்க அவருக்குச் சம்மதம், ஆனால் நீ சொல்லாமல் வரமாட்டேன். வரட்டுமா?