பிளாக்பர்ன் ரசிகர்களின் கோபத்தைக் கொச்சைப்படுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி பார்த்தேன். பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து அணி இங்கிலாந்தின் மூன்றாம் நிலை லீகுக்கு இறங்கிவிட்டது, ரசிகர்கள் முதலாளிகளைத் திட்டித் தீர்க்கிறார்கள் என்று நாலு வரி. பக்கத்தில், மைதானத்துக்குள் கோழி நிற்கும் படம். 'இந்திய முதலாளி என்றால் இளக்காரமா?' என்று தலைப்பு. காலை டீக்கடையில் அதைப் படித்துவிட்டு, "வெள்ளைக்காரனுக்கு இன்னும் திமிர் போகலை" என்று ஒருவர் சொன்னார். கூட இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவன். என் அக்கா பல வருடங்களாகப் பிளாக்பர்னில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவள் மகன் பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். பேச்சு வந்த நாளிலிருந்து அவன் ரோவர்ஸ் ரசிகன். அவன் மூலமாக நானும் ஆனேன். கிளப்பின் முதலாளிகள் நம் நாட்டு வெங்கீஸ் கோழி நிறுவனத்தார். அந்தக் குடும்பத்தை எங்கள் தொழிலில் தெரியாதவர்கள் கிடையாது. அந்த ஊரும் எனக்கு அந்நியமில்லை. அதனால் இரண்டு பக்கமும் தெரிந்தவனாகச் சொல்கிறேன், அந்தத் தலைப்பு அநியாயம்.

முதலில் அந்தப் படம். அது இப்போது எடுத்ததல்ல. 2012 மே 7-ம் தேதி இரவு, ரோவர்ஸின் சொந்த மைதானமான ஈவுட் பார்க்கில் விகான் அணியுடன் நடந்த ஆட்டத்தின்போது எடுத்தது. ரோவர்ஸ் கொடியைப் போர்த்தி யாரோ ஒரு கோழியை உள்ளே விட்டார்கள். முதலாளிகள் வெங்கீஸ் கோழி நிறுவனத்தார் என்பதால் அந்தக் கோழி. ஃபிளட் லைட் வெளிச்சத்திலும் அந்த இரைச்சலிலும் ஒரு பறவையைக் கொண்டுபோய் விடுவது கொடுமை. ஒரு மருத்துவனாக நான் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1-0 என்று தோற்று, 11 வருடம் தொடர்ந்து ஆடிய பிரீமியர் லீகிலிருந்து ரோவர்ஸ் வெளியேறியது அந்த இரவுதான். சரியாக ஐந்து வருடம் கழித்து, இந்த மே 7 ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் நிலையிலிருந்தும் இறங்கிவிட்டது.

நம் ஊர் வாசகர்களில் பலருக்கு இந்த இறக்கம் என்பது எவ்வளவு பெரிய அடி என்று தெரிய வாய்ப்பில்லை. நம்முடைய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்தில், 2017 நிலவரப்படி, கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த வருடம் அதே லீகில்தான் ஆடலாம். அங்கே அப்படிக் கிடையாது. கடைசி மூன்று அணிகள் கீழே போயாக வேண்டும். டிவி பணம் வற்றும், நல்ல ஆட்டக்காரர்கள் விலகுவார்கள், கிளப்பில் வேலை செய்யும் சாதாரண ஊழியர்களின் பிழைப்புக்கும் ஆபத்து வரும். ரோவர்ஸ் 1875-ல் தொடங்கிய கிளப். 1888-ல் இங்கிலாந்தின் முதல் லீகைத் தொடங்கிய பன்னிரண்டு அணிகளில் ஒன்று. 1995-ல் கென்னி டால்கிளிஷ் நிர்வாகத்தில், ஆலன் ஷியரர் 34 கோல் அடித்து, பிரீமியர் லீக் பட்டத்தையே ஜெயித்த அணி. அந்தப் பட்டத்தை ஜெயித்த ஓர் அணி மூன்றாம் நிலைக்கு இறங்குவது இதுதான் முதல் தடவை.

கடைசி ஆட்டத்தை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. பிரென்ட்ஃபோர்டில் போய் 3-1 என்று ஜெயித்தார்கள். ஜெயித்தும் பிரயோஜனம் இல்லை. அதே நேரத்தில், எங்களைப் போலவே இறக்கத்திலிருந்து தப்பப் போராடிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 3-0 என்று ஜெயித்துவிட்டது, பர்மிங்ஹாமும் ஜெயித்துவிட்டது. ஃபாரஸ்டுக்கும் ரோவர்ஸுக்கும் 51 புள்ளிதான், கோல் வித்தியாசத்தில் போனது. இங்கே அப்போது சாயங்காலம். அக்கா மகன் போனில் இருந்தான். ஒவ்வொரு கோலுக்கும் "மாமா, ஃபாரஸ்ட் என்ன ஸ்கோர்?" என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்ததும் லைனில் சத்தமே இல்லை. அப்புறம் அக்காதான் போனை வாங்கினாள்.

இது ஒருநாள் துரதிர்ஷ்டத்தால் வந்த வினை இல்லை. 2010 நவம்பரில் முந்தைய முதலாளி ஜாக் வாக்கரின் குடும்ப அறக்கட்டளையிடமிருந்து வெங்கீஸ் கிளப்பை வாங்கியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, பட்டியலில் 13-வது இடத்தில் பத்திரமாக இருந்த அணியின் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், சாம் அலர்டைஸை நீக்கினார்கள். அதுவரை எந்த அணிக்கும் மேனேஜராக இருந்திராத ஸ்டீவ் கீன் அந்த இடத்துக்கு வந்தார். கிளப்பை வருடக்கணக்கில் நடத்திவந்த ஜான் வில்லியம்ஸ் போன்ற அனுபவசாலிகள் சில மாதத்தில் விலகிப் போனார்கள். ஃபில் ஜோன்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்கப்பட்டார். அந்தச் சமயத்தில்தான், வீரர்கள் டிரஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து கோழிக்கறி சாப்பிடுவதுபோல் விளம்பரம் எடுத்தார்கள். ரசிகர்கள் வாரா வாரம் கீனை மாற்றச் சொல்லிக் கத்தினார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அணி இறங்கிய பிறகும் அவர் செப்டம்பர் வரை இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். 1995-ல் பட்டம் ஜெயித்த அணியின் தடுப்பாட்டக்காரர் ஹென்னிங் பெர்கைக் கூட்டிவந்து 57 நாளில் அனுப்பினார்கள். ஒப்பந்தப்படி தர வேண்டிய 22.5 லட்சம் பவுண்டைக் கோர்ட்டுக்குப் போய்த்தான் அவர் வாங்கினார். அடுத்து வந்த மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். ஒரே சீசனில் இத்தனை பேர் வந்து போனால், எந்த ஆட்டக்காரன் யார் பேச்சைக் கேட்பான்? கிளப்புகளின் நஷ்டத்துக்கு வரம்பு வைக்கும் கணக்குவழக்கு விதியை மீறியதற்காகப் புது ஆட்டக்காரர்களை வாங்கத் தடை வந்தது. இருந்த ஆட்டக்காரர்களில் ஜோர்டன் ரோட்ஸ் போனார், ருடி கெஸ்டீட் போனார், டாம் கேர்னி போனார், ஷேன் டஃபியும் கிராண்ட் ஹான்லியும் போனார்கள். பதினோரு மைல் தள்ளி இருக்கும் பரம எதிரி பர்ன்லியோ உள்ளூர்க்காரர்கள் கையில் இருந்துகொண்டு, இந்த வருடம் பிரீமியர் லீகில் தாக்குப்பிடித்துவிட்டது. ரோவர்ஸ் ரசிகனுக்கு இதைவிட வேதனை வேறு வேண்டாம்.

வெங்கீஸ் பணம் போடவில்லை என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. கிளப்பின் கடன் 100 மில்லியன் பவுண்டைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி அவர்களே கொடுத்தது. அவர்கள் கையை விரித்திருந்தால் கிளப்பே இருந்திருக்காது என்று வாதாடலாம். அந்தப் பணத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏன் இந்த மேனேஜர், ஏன் இந்த விற்பனை, அடுத்த வருடத் திட்டம் என்ன என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆட்டம் பார்க்க அவர்கள் வருவது அபூர்வத்திலும் அபூர்வம். ரசிகர்கள் கேட்பது பணத்தை அல்ல, அந்தப் பதிலைத்தான்.

போன வருடம் தீபாவளிக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்டோபர் 29, சனிக்கிழமை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மத்தியானம் அக்கா மகனோடு ஈவுட் பார்க்குக்குப் போனேன். வுல்வ்ஸ் அணியுடன் ஆட்டம். அன்றைக்கு ரசிகர்கள் ஒரு போராட்டம் அறிவித்திருந்தார்கள். 18-வது நிமிடத்தில் உள்ளே போவது, 75-வது நிமிடத்தில் வெளியே வருவது. கிளப் பிறந்த 1875-ஐக் குறிக்கத்தான் அந்தக் கணக்கு. உள்ளே விசில் ஊதும் சத்தம் கேட்கிறது, வெளியே கையில் டிக்கெட்டோடு ஜனங்கள் நிற்கிறார்கள். ஒருவரும் நகரவில்லை. உள்ளிருந்து ஒரு ஓ என்ற சத்தம் வந்தால் எல்லார் தலையும் அந்தப் பக்கம் திரும்பும், ஆனால் கால் நகராது. காசு கொடுத்து வாங்கிய டிக்கெட், உயிராக நேசிக்கும் அணி, பத்தடியில் கேட். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும்.

எங்களுக்கு அருகில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் நீலமும் வெள்ளையுமாகச் சாயம்போன மப்ளர். என்னைப் பார்த்து, இந்தியாவா என்று கேட்டார். ஆமாம், அதுவும் கோழி வைத்தியர் என்று அக்கா மகன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அவர் கோபப்படவில்லை. சாவகாசமாக, "அந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமா? எங்கள் ஊர் அவர்களுக்கு என்ன கெடுதல் செய்தது என்று கேட்டுச் சொல்ல முடியுமா?" என்றார். மணியைப் பார்த்துவிட்டு, என் அக்கா மகன் தோளில் கை வைத்து, "வா, நேரமாச்சு" என்று அவனையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். இந்த மனிதரையா இந்தியாவை இளக்காரமாகப் பார்க்கிறவர் என்று எழுதினீர்கள்?

அந்த ஊரில் கால்வாசிக்கு மேல் தெற்காசிய வம்சாவளியினர். அவர்களிலும் ரோவர்ஸ் ரசிகர்கள் உண்டு, அவர்களுக்கும் இதே கோபம் உண்டு. பக்கத்திலேயே டார்வன் என்று ஒரு சிற்றூர். 1931-ல் காந்தியடிகள் அங்கே போனார். நம் அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலை இழந்திருந்த மில் தொழிலாளிகள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்து வரவேற்ற படத்தை இன்றும் பார்க்கலாம். சோற்றில் கைவைத்த இயக்கத்தின் தலைவரையே அப்படி வரவேற்ற பூமி அது. கூட்டத்தில் நிறத்தைச் சொல்லித் திட்டும் நாலு பேர் எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த நாலு பேரை வைத்து ஒரு ஊரின் நியாயத்தை மூடக் கூடாது.

வெங்கீஸ் முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். உங்கள் தந்தையார் டாக்டர் பி.வி.ராவ் அவர்களை நாமக்கல் மறக்காது. என் அப்பா சின்னதாக முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. தீவனக் காசுகூடக் கட்டாத நாட்கள் உண்டு. ராவ் அவர்கள் நாடு முழுக்க ஊர் ஊராகப் போய், பண்ணையாளர்களைக் கூட்டிவைத்துப் பேசி, 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உருவாக்கினார். முட்டை உற்பத்தி செய்கிறவன்தான் விலையைச் சொல்ல வேண்டும் என்று நின்றார். இன்றைக்கும் அந்தக் குழு சொல்லும் 'நெக்' விலை என்ன என்று கேட்காமல் எங்கள் ஊரில் ஒரு லாரி நகராது. விலை குறைந்தால் பண்ணையாளர்கள் போய்ச் சண்டை போடுகிறார்கள். சண்டை போட ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை அமைத்துக் கொடுத்தவரின் பிள்ளைகள் நீங்கள். பிளாக்பர்ன்காரர்களுக்கும் அப்படி ஒரு இடத்தைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தூரம் ஒரு காரணம் ஆகாது. கிளப்பைத் தூக்கி நிறுத்திய ஜாக் வாக்கரும் கடைசிக் காலத்தில் ஜெர்சி தீவில்தான் குடியிருந்தார். ஆனால் அவர் அந்த ஊரில் பிறந்தவர், அங்கேயே இரும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர். அணிக்கு எது நடந்தாலும் அவர் என்ன நினைக்கிறார் என்று ஊருக்குத் தெரியும். அவர் 2000-ல் இறந்தார், அவர் சிலை மைதானத்துக்கு வெளியே நிற்கிறது.

பிப்ரவரியில் மேனேஜராகப் பொறுப்பேற்ற டோனி மோப்ரே, மூழ்கும் நிலையில் இருந்த அணியைக் கடைசி நாள்வரை போராட வைத்திருக்கிறார். அவரை இருக்க விடுங்கள். இருக்கும் நல்ல ஆட்டக்காரர்களை விற்காதீர்கள். ஆகஸ்டில் புது சீசன் தொடங்கும்போது உங்களில் ஒருவராவது நேரில் போய், ரசிகர் சங்கங்களை உட்கார வைத்து, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். ஒருவேளை இனி நடத்த விருப்பமில்லை என்றால், அதையும் அவர்களிடம் நேராகச் சொல்லிவிட்டு, கிளப்பைக் காப்பாற்றக்கூடிய ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையைச் சின்ன வயதிலிருந்து படிக்கிறவன் நான். உள்ளூர் மைதானத்தில் நடக்கும் கபடிக்கும் கால்பந்துக்கும் நீங்கள் கொடுக்கும் இடம் பெரிது. அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். அந்தத் தலைப்பு தவறு என்று அதே பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். படம் 2012-ல் எடுத்தது என்பதையும் அதில் சொல்லுங்கள். இடம் இருந்தால் இந்தக் கடிதத்தையும் வெளியிடுங்கள். வெளியானதும் மொழிபெயர்த்து அக்கா மகனுக்கு அனுப்பி, அந்தப் பெரியவரைப் பார்த்தால் கொடுக்கச் சொல்லுவேன்.

இப்படிக்கு,
கோழிப்பண்ணைக் கால்நடை மருத்துவர் ஒருவர்,
நாமக்கல்.
மே 2017